பின் ஸ்பீக்கர் வைத்த இடம்

என்னை ஓர் அறைக்குள் உட்கார வைப்பது கஷ்டம். கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் ஒரு மூலையில் நின்று பார்ப்பேன், பிறகு அடுத்த மூலைக்குப் போவேன். என் மனைவி இதற்காகவே என்னோடு விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தொழில் பழக்கம். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அறையில் சத்தம் எப்படிப் போகிறது என்று தெரியாது.

போன மாதம் கொடைக்கானலில் ஒரு விடுதிக்காரர் புதிதாகக் கட்டிய சினிமா அறையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் அதில் ஸ்பீக்கர் மாட்டிய இரண்டு பையன்கள். சுவரில், கூரையில், காலடியில், எங்கே திரும்பினாலும் ஸ்பீக்கர். நடு நாற்காலியில் உட்காரச் சொல்லிப் படத்தைப் போட்டார்கள். கூரைக்கு மேல் விமானம் போனது, முதுகுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்தது. நான் எழுந்து கதவோரம் போய்விட்டேன்.

"சார், அங்க நின்னா ஒண்ணும் கேக்காது. இங்க வந்து உக்காருங்க" என்றான் ஒருவன்.

"கதவோரம் யாரும் உக்கார மாட்டாங்களா?"

அவன் சிரித்தான். "உங்க காலத்துல இந்த சரவுண்டு சவுண்டு எல்லாம் கெடையாதுல்ல சார்?"

அந்தக் கேள்விதான் என்னைச் சீண்டிவிட்டது. இருந்தது என்றேன். பண்ணைக்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் நானே மாட்டியிருக்கிறேன் என்றேன். இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் நடந்துகொண்டே சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஊர் வடகவுஞ்சி. வீட்டில் பூண்டு விவசாயம். பூண்டு மண்ணுக்குள் கிடந்து முற்றும் வரை காத்திருக்கிற பொறுமை எனக்கு இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானல் ஏறி வந்து ஞானமுத்து முதலாளியின் ரேடியோ கடையில் சேர்ந்தேன். ஈயம் பற்றவைக்கக் கற்றேன், கை சுட்டது, திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். பயிற்சிக் காலம் என்று சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

முதல் பத்து வருஷம் பெரும்பாலும் கூம்பு ஸ்பீக்கர்தான். திருவிழா, கல்யாணம், காதுகுத்து, சடங்கு. மலை ஊர்களில் கூம்பை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுகிறோம் என்பது பெரிய விவகாரம். ஆடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மரத்தில் ஏறி, சத்தம் நன்றாகப் பரவும் என்று கூம்பைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டேன். தாய்மாமன் ஊர் அதற்கு நேர் பின்னால், மலை மேலே இருக்கிறது. பந்தியில் இலை போட்டாயிற்று, மாமன் வகையறா யாரும் உட்காரவில்லை. "எங்க ஊருக்குக் கேக்காத கல்யாணத்துல எங்களுக்கு என்ன சாப்பாடு?" என்று மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மறுபடி மரம் ஏறி கூம்பை மலைப் பக்கம் திருப்பினேன். பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள். சத்தம் என்றால் வெளியே போக வேண்டும், எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு மரியாதை. எங்களுக்குத் தெரிந்த ஒலியியல் அதுதான்.

எண்பதுகளில் வீடியோ வந்தது. சத்தத்தைத் தோட்டத்துப் பங்களாக்களின் ஒரே அறைக்குள் அடக்கி வைக்கிற வேலை ஆரம்பித்தது. அதில் எங்கள் முதலாளிக்குத் தனி முறை இருந்தது.

ஞானமுத்து முதலாளி நெட்டையான ஆள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அறைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்ல மாட்டார். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுவார். வீட்டுக்காரர் திடுக்கிட்டுப் பார்ப்பார். இவர் தலையைச் சாய்த்து அந்தத் தட்டல் எப்படி அடங்குகிறது என்று கேட்பார். எதிரொலி அதிகம் என்றால், "ஜமுக்காளம் வேணும், கர்ட்டன் வேணும்" என்று மட்டும் சொல்வார். அடுத்தது அந்தக் கேள்வி.

"ஐயா உக்கார்ற நாற்காலி எது?"

வீட்டுக்காரர் தன் சாய்வு நாற்காலியைக் காட்டுவார். முதலாளி அதன் நான்கு காலைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுவார். அப்புறம் ஒரு கயிறு. ஒரு முனையை நாற்காலியில் நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு அவர் நான்கு மூலைக்கும் நடப்பார். எந்த ஸ்பீக்கர் எங்கே, எவ்வளவு உயரம், எவ்வளவு திருப்பம் எல்லாம் அந்த நாற்காலியிலிருந்துதான். வீட்டில் மற்றவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்த வீட்டுக்காரரும் அதைச் சொன்னதும் இல்லை.

ஸ்பீக்கர் தேர்வு செய்வதிலும் அவர் கெட்டிக்காரர். மலையில் பனியும் ஈரமும் காகிதக் கூம்பை ஊறவைத்துவிடும். முதலில் மோந்து பார்ப்பார். பூஞ்சை வாடை அடித்தால் தொடவே மாட்டார். பிறகு இரண்டு விரலால் கூம்பை மெல்ல அமுக்கி, உள்ளே உரசுகிறதா என்று காதை வைப்பார். டார்ச் பேட்டரி ஒன்றை ஒயரில் தொட்டுக் காட்டினால் கூம்பு முன்னால் குதிக்க வேண்டும். பின்னால் போனால் ஒயரை மாற்றிச் சிவப்புப் புள்ளி வைப்பார். பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், சூட்டில் ஈரம் தங்காது. இதெல்லாம் இன்றைக்கும் சரி என்பேன்.

ஆனால் விற்பனைக்கு அவரிடம் ஒரு டேப் இருந்தது. வெளிநாட்டு டேப். அதில் ஒரு ஹெலிகாப்டர் இடது பக்கம் கிளம்பி, தலையைச் சுற்றி, வலது பக்கம் இறங்கும். வந்தவர்களைக் கடையின் உள்ளறையில் உட்கார வைத்து அதைப் போடுவார். ஹெலிகாப்டர் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும் முன் வியாபாரம் முடிந்துவிடும்.

பண்ணைக்காட்டு வேலுச்சாமி ஐயாவும் அந்த ஹெலிகாப்டருக்குத்தான் விழுந்தார்.

அவருக்குக் காப்பியும் மிளகும். சிங்கப்பூரில் இருக்கிற மகன் ஸ்டீரியோ வீடியோ டெக் ஒன்று அனுப்பியிருந்தான். மனைவி தனபாக்கியம் அம்மாவையும் ஜீப்பில் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அம்மா ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவர் கையைப் பிடித்தார். "படி ஒண்ணு இருக்கு, இப்ப கல்லு, இப்ப சமதரை" என்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அம்மாவுக்குக் கண் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், மதுரை டாக்டர்களும் இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம்.

அம்மா உள்ளறையில் உட்கார்ந்திருக்க, வேலுச்சாமி ஐயா எங்களை வாசலுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"புதுப்படம் எது வந்தாலும் வத்தலக்குண்டுக்கு மொத ஆளா ஜீப்ப எடுக்கச் சொல்ற ஆளுங்க இவ. இப்ப வீட்டுல டேப்பப் போட்டா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிர்றா. காப்பி எடுப்பு முடியவும் தம்பி வீட்டுக்கு வத்தலக்குண்டு போயிருவேன், அங்கனயே இருந்துக்கிறேன்னு சொல்லிட்டா. நாலு பக்கமும் சத்தம் வந்தா, யாரு எங்க நிக்கிறான்னு அவளுக்கே வெளங்கும்ல? அப்ப இருப்பாள்ல?"

"கண்டிப்பா வெளங்கும்" என்றார் முதலாளி. பொய் சொல்லவில்லை, ஹெலிகாப்டரை நினைத்துச் சொன்னார்.

டேப்பைப் போட்டார். அம்மாவின் முகம் ஹெலிகாப்டரோடு திரும்பியது. சிரித்தார். அதைப் பார்த்து வேலுச்சாமி ஐயாவும் சிரித்தார். டேப் முடிந்ததும் அம்மா கேட்டார்.

"நல்லா இருக்குங்க. ஆனா ஒரு பேச்சு போடுங்களேன். மனுசப் பேச்சு."

முதலாளியிடம் பேச்சு டேப் கிடையாது. ரேடியோவில் செய்தி ஓடியது, அதையே ஒவ்வொரு ஸ்பீக்கராக மாற்றி மாற்றிப் போட்டேன். பெரிய ஸ்பீக்கர்களில் செய்தி வாசிப்பவர் குடத்துக்குள்ளிருந்து பேசினார். சில்வர் ஓக் மரப் பெட்டியில் அடைத்த ஒரு சின்ன ஸ்பீக்கருக்கு வந்தபோது அம்மா கையைத் தூக்கினார். "இதுதான். இதுல அந்த ஆளுக்குப் பல்லு இருக்கு."

"அது பின்னாடி வைக்கிறதுக்குங்கம்மா. முன்னாடி பெருசுதான் வைக்கணும்" என்றார் முதலாளி.

அடுத்த வாரம் பண்ணைக்காடு போனோம். மர மச்சு, கண்ணாடி ஜன்னல், வழவழப்பான சிமிண்டுத் தரை. முதலாளி தட்டிய கையின் சத்தம் கொஞ்ச நேரம் அறையிலேயே சுற்றியது. "ஐயா உக்கார்ற நாற்காலி எது?" ஐயா காட்டினார். சாக்பீஸ், கயிறு எல்லாம் நடந்தது. தனபாக்கியம் அம்மா அடுப்படி வாசலை ஒட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அது அவர் இடமாம். முன்னால் டி.வி.யின் இரண்டு பக்கமும் பெரிய பெட்டிகள். பின் சுவரில் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி அடித்துச் சின்ன ஸ்பீக்கர்கள்.

பின் ஸ்பீக்கருக்கு ஒரு தனி ஒயரிங் இருந்தது. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் போகிற சத்தத்தில் எது வித்தியாசமோ அது மட்டும் பின்னால் கேட்கும். ஹெலிகாப்டர் டேப்புக்கு அது அற்புதமாக வேலை செய்யும். இங்கேயும் செய்தது. பிறகு ஐயா ஒரு தமிழ்ப் படத்தைப் போட்டார். அண்ணன் தம்பி சொத்துத் தகராறு. பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் ஊமையாகிவிட்டன.

அந்த டேப்பில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான். வித்தியாசம் இருந்தால்தானே பின்னால் வரும். அப்போது கிடைத்த தமிழ் டேப்புகள் எல்லாமே ஏறக்குறைய அப்படித்தான். யாரும் கடைக்குத் தங்கள் வீட்டு டேப்பைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்ததில்லை.

"என்னங்க, பின்னாடி கேக்கல?" என்றார் ஐயா.

முதலாளி கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "ஏலே செல்வராசு, அதையும் நேராக் குடுத்துரு." கொடுத்தேன், முன்னால் வருகிற அதே சத்தம் பின்னாலும் போனது. நான்கு ஸ்பீக்கரும் ஒரே குரலில் முழங்கின. ஐயா சாய்வு நாற்காலியில் சாய்ந்து, "அப்பிடிப் போடு" என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போனார்.

எல்லாரும் காப்பி குடித்தோம். மலை ஏறி வருகிற ஜீப்பில் முதலாளி வேறு ஏதோ பங்களாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா எழுந்து போனது என்னை விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேலுச்சாமி ஐயா கடைக்கு ஆள் அனுப்பினார். ஏதோ சரியில்லை, வரச் சொன்னார். முதலாளிக்குக் காய்ச்சல். வெள்ளனே கிளம்பி, கிடைத்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு நான் மட்டும் போனேன்.

வாசலில் ராசம்மா காப்பிப் பழம் உலர்த்திக்கொண்டிருந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், இந்த வீட்டிலேயே வேலை. அவளாகவே சொன்னாள். "அம்மா பொட்டி கட்டி வச்சிட்டாங்க தம்பி. ஞாயித்துக்கிழம தம்பிக்காரர் ஜீப் கொண்டு வாறாரு. ஐயா ரெண்டு நாளாச் சாப்பிடல்ல."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

உள்ளே ஐயா நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். என்னை மாதிரி இன்னொருவரை அப்போதுதான் பார்த்தேன். "வந்தியா? நல்லாப் பாருப்பா. ஒயரு லூசா இருக்கும். இவளுக்குப் பிடிக்கல" என்றார். அம்மா முக்காலியில் இருந்தார். பக்கத்தில் தகரப் பெட்டி.

"ஒயருல ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் அம்மா. "அண்ணன் பேசுனாலும் நாலு மூலையிலயும் நிக்கிறான், தம்பி பேசுனாலும் நாலு மூலையிலயும் நிக்கிறான். எவன் எவனப் பாத்துப் பேசுறான்? இதுக்கு நடுவுல இவுக வேற."

"நான் என்ன செஞ்சேன்?" என்றார் ஐயா.

"என் காதுக்குள்ள வந்து சொல்லிக்கிட்டே இருக்கீக. படத்துல பேசும்போதும் சொல்றீக, பாடும்போதும் சொல்றீக. ரேழி, படி, தூணுன்னு நாளெல்லாம் சொல்றீக. எனக்குக் கண்ணுதானே போச்சு."

ஐயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவமாக இருந்தது. இருந்தாலும் அந்த அம்மா சொன்னதில் ஓர் எழுத்து மாற்ற முடியாது. அவரைக் கொஞ்ச நேரம் வெளியே போகச் சொல்ல முடியுமா என்று அம்மா என்னிடம் கேட்டார். ஒரு வீட்டுக்காரரை அவர் வீட்டை விட்டு வெளியே போகச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவரே துண்டை எடுத்துக்கொண்டு பின் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

அதே படத்தைப் போட்டேன். "யார் பேசுறாங்களோ, அந்தக் குரல் எங்கருந்து வருதோ அங்க வெரல நீட்டுங்கம்மா" என்றேன். நாலும் பாடியபோது அம்மாவின் விரல் ஜன்னலுக்குப் போனது, சுவருக்குப் போனது, என் தலைக்கு மேலே போனது. பின் ஸ்பீக்கர் ஒன்றைப் பிடுங்கினேன். இன்னொன்றைப் பிடுங்கினேன். விரல் முன்னால் வந்தது, ஆனால் இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஆடியது. முக்காலி ஓரத்தில் இருந்ததால் ஒரு பெட்டியின் சத்தம்தான் அவரை மோதிக்கொண்டிருந்தது. பெரிய பெட்டிகள் இரண்டையும் கழற்றினேன். தாங்கியிலிருந்து அந்தச் சில்வர் ஓக் ஸ்பீக்கர் ஒன்றை இறக்கி, டி.வி.யின் தலைக்கு மேலே வைத்தேன்.

விரல் நேராக டி.வி.க்குப் போய் நின்றது.

"நான் கடையில கேட்டது இதுதானே" என்றார்.

"ஆமாங்கம்மா. கிட்ட வந்து உக்காருங்க. ஐயா நாற்காலி சரியா இருக்கும்."

"அது அவுக நாற்காலி" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தார். "அவுகளுக்குத்தான் கண்ணு தெரியுதே. எங்கன வேணா உக்காந்து பாக்கட்டும்." சுவரைத் தொட்டு நடந்துவந்து சாக்பீஸ் கோட்டுக்குள் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

படம் ஓடியது. அண்ணன் கத்தினான், தம்பி பதில் சொன்னான், தனபாக்கியம் அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நான் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தேன், அப்பாடா என்று இருந்தது. திடீரென்று பேச்சு நின்றது. இசையும் நின்றது. ஒரு கதவு கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

"என்ன தம்பி ஆச்சு?"

"ஒரு பொம்பள வந்து நிக்குதும்மா."

"எந்தப் பொம்பள?"

எனக்குத் தெரியவில்லை. நான் படத்தை எங்கே பார்த்தேன், ஸ்பீக்கரையும் விரலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெளக்கு வச்சிருக்கு" என்றேன். அம்மா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். எந்த ஸ்பீக்கரும் இதற்கு உதவாது. உலகத்தில் எத்தனை ஸ்பீக்கர் மாட்டினாலும் பேசாமல் நிற்கிற பொம்பளை கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப் வரத்தான் போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அப்போது பின் ஜன்னலிலிருந்து, தாழ்வாரத்துப் பக்கம் திரைச்சீலை இடுக்கு வழியாக, அடக்கி வைத்த குரல் ஒன்று வந்தது.

"மூத்த மருமக. அழுதுட்டு மூஞ்சியத் தொடச்சுட்டு வந்துருக்கா. மை கலைஞ்சு கெடக்கு. கொழுந்தனுக்குத் தெரியக் கூடாதுன்னு வெளக்கத் தாழ்த்திப் பிடிக்கிறா."

அம்மா திரும்பவில்லை. சாய்ந்து உட்கார்ந்தார். திரையில் மருமகள் பேச ஆரம்பித்ததும் ஜன்னல் குரல் தானாகவே நின்றது. மருமகளின் குரல் எப்படித் தழுதழுக்கிறது, எதை மறைக்கிறது என்று இப்போது அம்மாவுக்கு நன்றாகப் புரிந்தது. எனக்கே அப்போதுதான் படம் புரிந்தது.

அடுத்து மறுபடி ஒரு மௌனம் வந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, நாற்காலியின் கையில் விரலால் தட்டினார். ஜன்னலிலிருந்து இரண்டு வார்த்தை வந்தது. பேச்சு வந்தது, குரல் அடங்கியது.

படம் முடியும்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் சாரல்.

"என்னங்க, நனையாதீக. உள்ள வாங்க" என்றார் அம்மா.

ஐயா தலையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வழக்கம்போல அம்மாவின் காதுப்பக்கம் வந்து நின்றார்.

"இங்கன இல்ல. பின்னாடி, அந்த ஜன்னலுக்கிட்ட முக்காலியப் போட்டு உக்காருங்க. பேச்சு இல்லாதப்ப மட்டும் சொல்லுங்க. சத்தத்தக் கொறைச்சு."

ஐயா முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஸ்பீக்கரைக் கழற்றிய தாங்கிக்கு நேர் கீழே அதைப் போட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது சாரலா என்று நான் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ மொதல்லருந்து போடு தம்பி" என்றார் அம்மா.

ராசம்மாவிடம் பிறகு கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்காரர் ஜீப் வந்ததாம். அவரையும் உட்கார வைத்துப் படம் போட்டார்களாம். "ஐயா இப்ப கொஞ்சமாத்தான் கதைக்கிறாரு" என்றாள். அம்மா கட்டி வைத்திருந்த தகரப் பெட்டியில் பழையபடி மிளகு கொட்டி வைத்திருந்தார்கள்.

மூன்று ஸ்பீக்கரோடு நான் கடைக்குத் திரும்பியபோது முதலாளி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கல்லாவில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். கிராம்பைக் கடித்தபடி கேட்டார். "அப்ப சரவுண்டு வேல செய்யல?" என்றார். செய்கிறது என்றேன். ஹெலிகாப்டர் டேப்பை அவர் கடைசி வரை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு போன வீடுகளில் கை தட்டி முடித்ததும், "வீட்டுல படம் பாக்குறது யாரு யாரு?" என்று கேட்டார். சாக்பீஸ் அப்புறம்தான்.

பிறகும் சில வருஷம், பெட்டிக்குள் பல்பு மாற்ற பண்ணைக்காடு போவேன். சாய்வு நாற்காலியில் அம்மா இருப்பார். ஜன்னலோரம் முக்காலி. சுவரில் அடித்த இரும்புத் தாங்கியை யாரும் பிடுங்கவில்லை, அதில் ஐயா தன் மஃப்ளரை மாட்டியிருப்பார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். விடுதியின் சினிமா அறையில் இரண்டு பையன்களும் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார்கள். அப்புறம் ஒருவன், தொழில்காரன் அல்லவா, கேட்டான்.

"சார், அந்தப் பின் ஸ்பீக்கர் என்ன மேக்?"

"பண்ணைக்காட்டு மேக்" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. நடந்து நடந்து நான் எப்போதோ அறையின் பின் சுவருக்கு வந்திருந்தேன். அங்கே யாருக்கும் நாற்காலி போடவில்லை.